நாஷ்டாவும் நஷ்டமும்

திருவொற்றியூர்
ஜூன் 9, 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜானட் எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உனக்குக் கை நடுக்கம் குறைந்ததா? சாப்பாடு இறங்குகிறதா? மறுவாழ்வு இல்லத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டு கடிதம் மட்டும் போடலாம் என்று சொன்னபோது அம்மா அழுதாள். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. போனில் நீ எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல, வுடு" என்பாய். எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பாரிமுனையில், உன் பழைய கம்பெனியில், அதே கிருஷ்ணப்பனுக்குக் கீழே. கடிதத்தைக் கிழித்துப் போடாமல் மேலே படி. இன்டர்வியூ எடுத்ததே அவன்தான். எந்த ஊர் என்றான், திருவொற்றியூர் என்றேன். நீ அங்கே இருந்தபோது நம் வீடு ராயபுரத்தில் இருந்ததால் நான் டெரிக்கின் தங்கை என்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

துறைமுக வரிசையில் நிற்கும் ட்ரெய்லர் வண்டிகளைப் பின்தொடரும் அந்தப் புரோகிராமை ராத்திரி பகலாக எழுதியது நீ. அதைத் தன் பேரில் போட்டுக்கொண்டவன் அவன். அதோடு விட்டானா? "மொதல்ல தமிழ் பேசக் கத்துக்கிட்டு வாங்க டெரிக், அப்புறம் கஸ்டமர் முன்னால உக்காரலாம்" என்று எல்லார் எதிரிலும் சிரித்து உன்னை வெளியே அனுப்பினான். அன்றைக்கு ஆரம்பித்த குடிதான் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது அண்ணா.

அம்மா கேட்டாள்: "அந்தக் கஸ்மாலத்துகிட்டயா வேலக்கிப் போற? இன்னா பண்ணப் போற?"

"அவன் வாயாலயே அவன் மானத்த வாங்கப் போறேம்மா. அண்ணன் பேர அங்க திரும்ப எழுத வெக்காம வுடமாட்டேன்."

உன் ஆசீர்வாதம் வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஜானட்


ஏலகிரி அடிவாரம்
ஜூன் 19, 2024

அன்புத் தங்கை ஜானுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். நடுக்கம் இருக்கிறது, என் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா அப்படி எழுத மாட்டேன் என்கிறது. எனக்கும் அவன் விழுவதைப் பார்க்க வேண்டும். இங்கே தினமும் ஜெபத்தில் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்று வரும்போது நான் வாயை மட்டும் அசைக்கிறேன்.

புது வேலை என்பதால் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதல் மாதம் நல்ல பேர் எடு. நேரத்துக்குப் போ. கொடுத்த சின்ன வேலையைச் சுத்தமாக முடி. ஏற்கெனவே இருப்பதை உடனே மாற்றாதே, உட்கார்ந்து படி. முக்கியமாக, தெரியாததை வெட்கப்படாமல் கேள். புதிதாக வந்தவர்கள் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெட்ட பேர் எடுத்தவள் அவனைப் பற்றி என்ன சொன்னாலும் எடுபடாது.

வெயில் அதிகம் என்கிறார்கள். மோர் குடி.

உன் அண்ணன்,
டெரிக்


திருவொற்றியூர்
ஜூலை 7, 2024

அன்புள்ள அண்ணா,

நலமா? இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டியில் தைலம் தேய்த்து, இப்போது கோயில் படி ஏறுகிறாள்.

நீ சொன்னபடியே நடக்கிறேன். எனக்கு முன்னால் யாரும் ஆபீசுக்கு வருவதில்லை. கிருஷ்ணப்பன் என்னைக் காட்டி மற்றவர்களிடம், "பாருங்க, புதுசா வந்த புள்ள எப்படி இருக்குன்னு" என்கிறான். கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

உன் புரோகிராமைத் திறந்து படித்தேன். மேலே உன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பேர். ஆனால் உள்ளே இருப்பது முழுக்க நீதான். மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பேர் வைப்பார்கள். நீ நம் தெருப் பேச்சை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருக்கிறாய். தப்பான தகவல் வந்தால் கலீஜ், வண்டி வரிசையை விட்டுக் கிளம்பினால் அப்பீட்டு. படித்துக்கொண்டே போனபோது நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அழுகை வந்தது.

எங்கள் டீமில் நம் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. வண்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற இடத்துக்குக் 'கீது' என்று பேர் வைத்திருக்கிறாய் இல்லையா? சும்மா, தெரியாதது போலக் கிருஷ்ணப்பனிடம் கேட்டேன்.

"சார், இதுக்கு என்னங்க அர்த்தம்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானே எழுதியதைத் தெரியாது என்று அவன் எப்படிச் சொல்வான்? கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, "அது கேடுங்க. கேடுன்னா பழுது. வண்டி ரிப்பேரான்னு பாக்கறதுக்கு நான் வெச்ச பேரு. என்ன சந்தேகம்னாலும் கேளுங்க கண்ணு, கூச்சப்படாதீங்க" என்றான்.

பாத்ரூமுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். ஆங்கில எழுத்தில் கீதும் கேடும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது அவனுக்கு. அந்தப் புரோகிராமை அவன் ஒருநாளும் படித்ததே இல்லை அண்ணா. ஓடுகிறது, ஓடட்டும் என்று விட்டிருக்கிறான்.

மறக்காமல் மாத்திரை போடு.

ஜானட்


ஏலகிரி அடிவாரம்
ஜூலை 16, 2024

அன்பு ஜானு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். கேடு என்று படித்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். வார்டன் பிரதர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். இங்கே வந்தபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இனி விடாதே. ஒவ்வொரு வார்த்தையாகக் கேள். நாலு பேர் இருக்கும்போது கேள். அவன் சொல்வதை அப்படியே எழுதி, 'புதிதாகச் சேர்பவர்களுக்கு விளக்கம்' என்று ஒரு குறிப்பு தயார் செய். விளக்கியவர் கிருஷ்ணப்பன் என்று கொட்டை எழுத்தில் போடு. அவனுக்குத் தன் பேரைப் பார்க்கப் பிடிக்கும்.

'நாஷ்டா' என்று ஒன்று இருக்கும், அதைக் கண்டிப்பாகக் கேள். எண்ணூர் சாலையில் டிரைவர்களோடு நான் வரிசையில் கிடந்த காலத்தில் எழுதியது. காலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போவார்கள். அந்த நேரத்தைத் தாமதத்தில் சேர்க்கக் கூடாது என்று தனியாகப் பிரித்து வைத்தேன். தண்டையார்பேட்டை ஜஹானாரா அக்காதான் அதைச் சொன்னது. ட்ரெய்லர் கம்பெனி முதலாளியாக இருந்தாலும், "டேய் டெரிக், சாப்புட்றவன் நேரத்தல்லாம் கணக்கு எய்தாத, பாவம் புடிக்கும்" என்றது.

அவன் மாட்டும் நாளில் யார் எழுதியது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்போது என் பேரைச் சொல். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அம்மாவிடம் என் முத்தங்களைச் சொல்.

டெரிக்


திருவொற்றியூர்
ஆகஸ்ட் 4, 2024

அன்புள்ள அண்ணா,

உன் சுகத்துக்காகச் செவ்வாய்தோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். நாங்கள் நலம். மணலிப் பக்கக் காற்று அடித்தால் மட்டும் அம்மாவுக்கு இருமல்.

வலையை விரித்தாயிற்று. குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். வண்டி வரிசையில் நிற்பதற்கு நீ வைத்த 'குந்து' என்ன ஆயிற்று தெரியுமா? குண்டு! "அதிக பாரம் ஏத்தின வண்டிங்க, அதான் குண்டு" என்கிறான். நான் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன்.

அப்புறம் நாஷ்டா. அவன் யோசிக்கவே இல்லை. "நஷ்டம்! வண்டி வீணா நிக்கறதால முதலாளிக்கு ஆகிற நஷ்டம்" என்றான். சொல்லும்போதே அவனுக்கு ஒரு யோசனையும் வந்துவிட்டது. தினமும் காலையில் எல்லா வண்டியிலும் இந்த 'நஷ்டம்' வருகிறதாம். யார் யார் எவ்வளவு நஷ்டம் செய்கிறார்கள் என்று டிரைவர் வாரியாக ஒரு அறிக்கை போட்டு, சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி ஜஹானாரா அக்காவுக்கே காட்டப் போகிறான். அடுத்த ஒப்பந்தம் அதில்தான் கிடைக்கும் என்று துள்ளுகிறான். அறிக்கையை என்னையே தயாரிக்கச் சொன்னான். அழகாகச் செய்து கொடுத்தேன்.

முதலாளி மேத்யூ சார் என் குறிப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல ஆரம்பத்தை இந்தக் கம்பெனியில் அவர் பார்த்ததில்லை என்றார். எனக்குத் தனி மேசை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கம்.

ஜானட்


ஏலகிரி அடிவாரம்
ஆகஸ்ட் 13, 2024

அன்பு ஜானு,

நான் நலம். நடுக்கம் நின்றுவிட்டது. கோபம் ஒரு மருந்து என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்கு அதுதான் வேலை செய்கிறது.

ஒரே ஒரு பயம். அக்கா அன்றைக்குக் கவனிக்காமல் தலையாட்டிவிட்டால், சாப்பிட்டதற்காக டிரைவர்களின் சம்பளம் போய்விடும். அப்படி ஆனால் நீயே எழுந்து உண்மையைச் சொல்லிவிடு. பழிவாங்குவது நம் விவகாரம், அவர்கள் வயிற்றில் அடிக்கக் கூடாது. ஆனால் அக்கா விடாது, எனக்குத் தெரியும்.

ஜன்னல் பக்க மேசை நல்லது. வெளிச்சம் வரும். என் பேரை மறந்துவிடாதே.

டெரிக்


திருவொற்றியூர்
செப்டம்பர் 1, 2024

என் அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகம்தானே. முடிந்தது அண்ணா! வியாழக்கிழமை கூட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜஹானாரா அக்கா கறுப்புப் புர்காவில், இரண்டு மேனேஜர்களோடு வந்து உட்கார்ந்தார். கிருஷ்ணப்பன் கோட்டு போட்டுக்கொண்டு திரையில் அறிக்கையைக் காட்டினான். எழுத்துக்கு எழுத்து தானே எழுதிய புரோகிராம் என்று மூன்று தடவை சொன்னான். "மேடம், உங்க டிரைவருங்க தினமும் காலையில உங்களுக்கு உண்டாக்கற நஷ்டத்த இதுல பாருங்க" என்றான்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னா நஷ்டம்? அல்லாருக்கும் ஒரே நேரத்துல நஷ்டம் வர்து?"

"அதுதாங்க மேடம் வியாதி. நஷ்டம்னே நான் புரோகிராமுல பேர் வெச்சிருக்கறேன்."

"காட்டு அந்தப் பேர."

திரையில் காட்டினான். அக்கா வாய்க்குள் படித்துப் பார்த்தார். அப்புறம் மேசையில் ஓங்கி ஒரு தட்டு.

"யோவ்! இது நஷ்டமா? நாஷ்டாய்யா, நாஷ்டா! எம் பசங்க ரெண்டு இட்லி துன்றானுங்க, அத்தப் போய் நஷ்டம்ன்ற? இத்த எய்தச் சொன்னதே நாந்தான்! நீ எய்துனியா இத்த? நாஷ்டான்னா இன்னான்னு தெரியாத நீ எய்துனியா?"

அவர் விடவில்லை. என் குறிப்பை வாங்கிப் பக்கம் பக்கமாகச் சத்தம் போட்டுப் படித்தார். குந்து குண்டானதும், கீது கேடானதும் வெளியே வர வர அந்த மேனேஜர்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். டீ கொண்டு வந்தவரும் சிரித்தார். கிருஷ்ணப்பன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. உன்னைப் பார்த்துச் சிரித்த அதே அறை அண்ணா. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய்.

மேத்யூ சார் எழுந்தார். "அப்ப இத எழுதுனது யாரு?" என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அம்மா கூப்பிடுகிறாள், அடுப்பில் மீன் குழம்பு. மீதியை அப்புறம் எழுதுகிறேன். உடம்பைக் கவனி.

ஜானட்


ஏலகிரி அடிவாரம்
செப்டம்பர் 7, 2024

ஜானு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் பிரித்து, படித்து, மறுபடி படித்து, கடைசி வரியில் வந்து நிற்கிறேன். மீன் குழம்பு கொதித்து முடிந்திருக்கும். மேத்யூ சார் கேட்டாரே, நீ என்ன சொன்னாய்?

இங்கே என் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் தபாலை எதிர்பார்க்கிறார்கள். உடனே எழுது.

டெரிக்


திருவொற்றியூர்
அக்டோபர் 20, 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இப்பவும் நாங்கள் நலம். மழை ஆரம்பித்துவிட்டது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மாவின் முட்டிவலி குளிருக்குத் திரும்பியிருக்கிறது. தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது.

கிருஷ்ணப்பன் ராஜினாமா செய்துவிட்டான். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நாம் நினைத்ததைவிட நன்றாகவே முடிந்தது. என்னை வேலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். துறைமுகப் புரோகிராம் மொத்தமும் இப்போது என் பொறுப்பு. அம்மா கேக் வாங்கித் தெருவுக்கே கொடுத்தாள்.

அந்த மாதிரி குழப்பம் இனி வரக் கூடாது என்று, உள்ளே இருக்கிற பேர்களையெல்லாம் இங்கிலீஷுக்கு மாற்றச் சொன்னார் மேத்யூ சார். மாற்றிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதுதானே சுலபம். நீயே யோசித்துப் பார், அது எப்போதும் அப்படியே இருக்க முடியுமா? நல்லதுக்குத்தான்.

கிறிஸ்துமசுக்கு உனக்கு நீலச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஜானட்


திருவொற்றியூர்
நவம்பர் 10, 2024

அன்புள்ள அண்ணா,

நலமா? என் போன கடிதம் கிடைத்ததா? மழையில் தபால் தொலைந்திருக்கும் என்று அம்மா சொல்கிறாள். அவளுக்குத் தூக்கம் இல்லை. இல்லத்துக்குப் போன் போட்டால், நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறார்கள். நீ வெளியே வரும் நாளைச் சொன்னால் வண்டி எடுத்துக்கொண்டு வருவேன்.

என்மேல் கோபமா? எதற்குக் கோபம்? உனக்காகத்தானே எல்லாம் செய்தேன். எனக்கு இந்த வேலை எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியாதா? நான் யாருடைய தங்கை என்று தெரிந்தால், வேண்டுமென்றே மாட்டிவிட்டேன் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். கொஞ்ச நாள் போகட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஒரு வரியாவது எழுது.

ஜானட்


தண்டையார்பேட்டை
நவம்பர் 18, 2024

ஜானட்டுக்கு,

டெரிக் எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு நேற்றே போன் செய்து பேசிவிட்டேன், அவள் இனி தூங்குவாள். இப்போது என் கையில் போன் இருக்கிறது. ஆனாலும் உனக்கு எழுதத்தான் வேண்டும். எழுதினால் தப்பிக்க முடியாது என்று நீதான் சொன்னாய்.

போன மாதக் கடைசியில் ஜஹானாரா அக்கா இல்லத்துக்கு வந்து என்னைப் பார்த்தார். அந்தக் கூட்டத்திலிருந்தே என்னைத் தேடிக்கொண்டிருந்தாராம். பழைய தெருவில் விசாரித்து, ராயபுரம் கோயிலில் கேட்டு, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். நீ மீன் குழம்புக்குப் போன இடத்திலிருந்து மீதியை அவர்தான் சொன்னார்.

மேத்யூ சார் கேட்டதும் நீ எழுந்தாயாம். "எனக்கு இந்தப் பாஷை தெரியும் சார், நான் சரி பண்ணிடறேன்" என்றாயாம். அக்காவே உன்னைக் கேட்டாராம், "இத்த டெரிக்குன்னு ஒரு பையன் எய்தினான், ராயபுரம், ஒனக்குத் தெரியுமாம்மா?" என்று. நீ, "தெரியாது மேடம்" என்றாயாம். "யார்னே தெரியாது."

உன் பயம் எனக்குப் புரிகிறது. பயந்தவள் பேசாமல் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் உட்கார்ந்து கீது, குந்து, நாஷ்டா என்று ஒவ்வொன்றாக நீயே அழித்தாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிருஷ்ணப்பன் என் பேரைத்தான் எடுத்தான். என் பேச்சு அவனுக்குப் புரியாததால் அது பிழைத்துக்கிடந்தது. உனக்குப் புரிந்தது.

அவன்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. இப்போது அவனை நினைத்தாலும் ஒன்றும் வருவதில்லை.

அக்கா எனக்கு வேலை கொடுத்திருக்கிறார். அவர் கம்பெனி சார்பில் உங்கள் புரோகிராமைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் இனி என் பொறுப்பு. அவர்கள் வண்டி நிறுத்தும் யார்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். அங்கேதான் இருக்கிறேன், வீட்டுக்கு வரவில்லை.

வருகிற வியாழக்கிழமை அக்காவோடு உங்கள் ஆபீசுக்கு வருகிறேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காருவேன். மேத்யூ சார் என்னைக் காட்டி, "இவரை உங்களுக்குத் தெரியுமா ஜானட்?" என்று கேட்பார். கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி. பதிலை யோசித்து வை.

டெரிக்